கடற்படைப் பிரிவு என்.சி.சி. 'சி' தேர்வு: கையில் பழகிக்கொண்டு போங்கள்

இந்தியக் கடற்படையில் 20 ஆண்டுகள் மாலுமியாக இருந்தேன். அதில் 3 ஆண்டுகள் ஒரு கடற்படைப் பிரிவு என்.சி.சி. (தேசிய மாணவர் படை) யூனிட்டில் பி.ஐ. ஸ்டாஃப். அதாவது, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கயிறும் கொடியும் படகும் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஓய்வு பெற்று ராமநாதபுரம் கடற்கரையில் என் ஊருக்கு வந்த பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து எட்டுப் பத்துப் பேர் பஸ் ஏறி வருவார்கள். வெயில் ஏறுகிற வரை கடற்கரை மணலில் பழகிவிட்டுப் போவார்கள். அவர்களுக்குச் சொல்வதை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. என்.சி.சி.யின் கடைசிச் சான்றிதழுக்கான இந்த 'சி' தேர்வில் தோற்பவர்களில் பாதிப் பேர் புத்தகத்தை நன்றாகப் படித்தவர்கள். கடைசி மூன்று நாள் விழித்திருந்து படித்தால் எழுத்துத் தேர்வை எழுதிவிடலாம். முடிச்சு, செமஃபோர் (கொடியசைத்துச் செய்தி அனுப்புவது), படகு, ட்ரில் எல்லாம் அப்படி வராது. கைக்குப் பழக மூன்று மாதம் வேண்டும். தேர்வு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அப்படியானால் தீபாவளி முடிந்ததும் கயிற்றைக் கையில் எடுத்துவிட வேண்டும்.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்கிற தம்பிகளும் தங்கைகளும் உண்டு. நியாயமான கேள்விதான். 'சி' சான்றிதழில் ஏ, பி, சி என்று கிரேடு போடுவார்கள். ராணுவத்தில் என்.சி.சி. சிறப்பு நுழைவு என்று ஒரு வழி இருக்கிறது. அதில் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பம் தேறினால் நேராக எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல், அதிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறித் தரவரிசையில் வந்தால் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. ஆண், பெண் இருவருக்கும் உண்டு. ஆனால் பட்டப்படிப்பில் 50 சதவீதமும், 'சி' சான்றிதழில் குறைந்தது பி கிரேடும் வேண்டும். சி கிரேடு வாங்கியவனுக்கு அந்தக் கதவு திறக்காது. அதனால்தான் "பாஸ் ஆனால் போதும் சார்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மூன்று வருடம் விடியற்காலையில் எழுந்து பரேடுக்கு வந்துவிட்டு, கடைசி அடியில் பாஸ் போதும் என்பதா?

கடற்படைப் பிரிவுக்கென்று இன்னொரு வழியும் உண்டு. படை அதிகாரி வேலைக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வின் அறிவிப்பைப் பாருங்கள். எழிமலை கடற்படை அகாடமிக்கான இடங்களில் சில கடற்படைப் பிரிவு 'சி' சான்றிதழ்காரர்களுக்கென்றே தனியாக இருக்கும். அண்மை ஆண்டுகளில் 6 இடங்கள். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டும். அதிகாரி வேலைக்குப் போகாதவர்களுக்கும் பயன் உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வில் 'சி' வைத்திருப்பவர்களுக்கு மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதமும், 'பி'க்கு 3 சதவீதமும், 'ஏ'க்கு 2 சதவீதமும் ஊக்க மதிப்பெண்ணாகக் கிடைக்கிறது. அரை மதிப்பெண்ணில் வேலை போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் இந்த 5 சதவீதத்தின் அருமை தெரியும்.

காகித வேலையை முன்பே முடியுங்கள்

'பி' தேறியவர்தான் 'சி' எழுத முடியும். ஒவ்வொரு ஆண்டும் பரேடு வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும். 'பி' எழுத ஒரு முகாம், 'சி'க்கு வரும்போது இரண்டு முகாம் கணக்கில் இருக்க வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கோட்டை விடுகிற இடம் வேறு: பெயர்.

நம் ஊரில் அப்பா பெயர் ஒரு சான்றிதழில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும். ஒரு இடத்தில் முழுப் பெயர், மற்றதில் ஒரே எழுத்து. பள்ளி மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, சேர்க்கைப் படிவத்தில் பையன் அவசரத்தில் எழுதியது மூன்றாவது மாதிரி. என்னிடம் பழகிய ஒரு பையன். கையும் காலும் கடிகாரம்போல வேலை செய்யும், அவ்வளவு சுத்தமான கேடட். அவனுடைய முகாம் சான்றிதழில் இனிஷியல் மாறிவிட்டது. பட்டியல் சரிபார்க்கிற நாளில்தான் கண்ணில் பட்டது. திருத்தி வருவதற்குள் அந்த வருடத் தேர்வு முடிந்துவிட்டது. அவன் யூனிட் வாசலில் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே சேர்க்கைப் படிவம், முகாம் சான்றிதழ், 'பி' சான்றிதழ் எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். மாறியிருந்தால் அன்றைக்கே உங்கள் ஏ.என்.ஓ.விடம் (கல்லூரியில் என்.சி.சி.யைக் கவனிக்கிற ஆசிரியர்) எழுத்தில் கொடுங்கள். வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

கயிறு

இரண்டு மீட்டர் நைலான் கயிறு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் தடிமன் இருந்தால் சரி. ரொம்ப மெல்லியது வேண்டாம், முடிச்சின் உருவம் கண்ணுக்குத் தெரியாது. முனை பிரிந்து வராமல் நூலால் இறுக்கிச் சுற்றுங்கள். அதற்கே விப்பிங் என்று பெயர், அதுவும் பாடத்தில் இருக்கிறது. முதல் பாடம் அங்கேயே முடிந்தது.

போலைன் முடிச்சிலிருந்து தொடங்கச் சொல்வேன். இழுத்தால் இறுகாத, நழுவாத ஒரு வளையம் அது. தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்குக் கயிறு வீசும்போது இந்த வளையத்தைத்தான் போட்டு வீசுவோம். உடம்பை இறுக்கி நெரிக்காது, கைவிடவும் விடாது. முயலும் பொந்தும் என்று கதை சொல்லி இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கும், தேர்வு நாளில் முயல் எந்தப் பக்கம் ஓடியது என்று மறந்துவிடும். நான் மாலுமிகள் போடுகிற விதத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கயிற்றை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நீளப் பக்கம் இடது கையில், முனை வலது கையில். முனையை நீளக் கயிற்றின் மேல் குறுக்காக வையுங்கள். இரண்டும் சேருகிற இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, உள்ளங்கை கீழே பார்த்தபடி இருக்கட்டும். இப்போது மணிக்கட்டை உங்களிடமிருந்து வெளியே சுழற்றி, கீழாகக் கொண்டுபோய், மேலே புரட்டுங்கள். உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கும். நீளக் கயிறு தானாக ஒரு சின்னக் கண்ணியாக விழும், முனை அந்தக் கண்ணிக்குள் நின்றுகொண்டிருக்கும். அதை நீளக் கயிற்றின் பின்பக்கமாகச் சுற்றி, வந்த கண்ணிக்குள்ளேயே இறக்கி, இழுத்து இறுக்குங்கள். முனை பெரிய வளையத்தின் உள்பக்கம் தொங்க வேண்டும்.

முதல் நாள் முப்பது தடவை போட்டால் இருபது தடவை கயிறு அவிழ்ந்து கையோடு வரும். பத்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு போடுவீர்கள். அதற்கு அப்புறம் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துப் போடுங்கள். இது வித்தை காட்டுவதற்காக அல்ல. தேர்வாளர் எதிரில் நிற்கும்போது கை நடுங்கும், கண் மங்கும். கண்ணை நம்பாத கைதான் அப்போது துணைக்கு வரும்.

மற்ற முடிச்சுகளை அவற்றின் வேலையோடு சேர்த்துப் படியுங்கள். ஒரே தடிமன் உள்ள இரண்டு முனைகளைக் கட்ட ரீஃப் நாட். வலது மேல் இடது, அடுத்து இடது மேல் வலது. இரண்டு தடவையும் ஒரே பக்கம் போட்டால் அது கிரானி, பார்வைக்கு ரீஃப் போலவே இருந்து இழுக்கும்போது ஏமாற்றும். தடிமன் வேறாக இருந்தால் ஷீட் பெண்ட். கம்பத்தில் கட்ட க்ளோவ் ஹிட்ச். வளையத்திலோ தூணிலோ படகைக் கட்ட ரவுண்ட் டர்ன் அண்ட் டூ ஹாஃப் ஹிட்சஸ். கயிறு துளையிலிருந்து உருவிக்கொண்டு போகாமல் இருக்க ஃபிகர் ஆஃப் எய்ட். ஷீப்ஷாங்க், ரோலிங் ஹிட்ச், டிம்பர் ஹிட்ச் மூன்றும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மீனவக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு தங்கை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் க்ளோவ் ஹிட்ச் போடுவதைப் பார்க்க வேண்டும். நாம் கயிற்றை எடுப்பதற்குள் அவள் கட்டி முடித்திருப்பாள். அப்பாவோடு கரைவலைக்குப் போய்ப் பழகிய கை. ஆனால் "இதன் பெயர் என்ன, எங்கே பயன்படும்" என்று கேட்டால் பேச்சு வராது. பெயர் சொல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும். அவளை ஒரு நோட்டு போடச் சொன்னேன். இடது பக்கம் வீட்டில் சொல்கிற பேச்சு, வலது பக்கம் கடற்படைப் பேச்சு. அணியம் என்றால் பவ். அமரம் என்றால் ஸ்டெர்ன். தண்டு என்றால் ஓர். சுக்கான் என்றால் ரடர். இரண்டு வாரத்தில் நோட்டு நிரம்பிவிட்டது. அப்புறம் மற்ற பிள்ளைகள் அவளுடைய நோட்டை வாங்கிப் படித்தார்கள். கடலில் பிறந்து வளர்ந்த அறிவு உங்களிடம் இருக்கிறது, வலது பக்கத்தை மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

செமஃபோர்

இரண்டு கொடி, இருபத்தாறு எழுத்து. தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒரு மாதம் ஆகும். வட்டம் வட்டமாகப் படித்தால் ஒரு வாரம் போதும்.

இரண்டு கொடிகளையும் முன்னால் கீழே தாழ்த்தி நில்லுங்கள். அதுதான் ஆயத்த நிலை. வலது கையைக் கீழ்ச்சாய்வாகப் பக்கத்தில் எடுத்தால் ஏ. தோள் மட்டத்துக்கு வந்தால் பி. மேல்சாய்வு சி. தலைக்கு மேலே நேராக நிறுத்தினால் டி. இப்போது இடது கை: மேல்சாய்வு ஈ, தோள் மட்டம் எஃப், கீழ்ச்சாய்வு ஜி. ஒரு முழுச் சுற்று முடிந்தது. உங்களைச் சுற்றி ஏழு ஆணிகள் அடித்தாகிவிட்டது. இனிமேல் வருவதெல்லாம் இரண்டு ஆணிகளின் சேர்க்கைதான்.

இரண்டாம் வட்டத்தில் ஒரு கொடி ஏ இடத்தில் நிற்கும். மற்றது பி-க்குப் போனால் எச், சி-க்குப் போனால் ஐ, டி-க்குப் போனால் கே, அப்படியே எல், எம், என். நடுவில் ஜே வராது, அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். மூன்றாம் வட்டத்தில் ஒரு கொடி பி இடத்தில்: ஓ, பி (P), க்யூ, ஆர், எஸ். நான்காம் வட்டம் சி இடத்தில்: டி-யோடு (D) சேர்ந்தால் எழுத்து 'டீ' (T), ஈ-யோடு சேர்ந்தால் யூ, எஃப்-போடு சேர்ந்தால் ஒய். மிச்சம் நான்கைந்துதான். ஜே என்பது டி இடமும் எஃப் இடமும். வி என்பது டி-யும் ஜி-யும். டபிள்யூ ஈ-யும் எஃப்-பும், எக்ஸ் ஈ-யும் ஜி-யும், இசட் எஃப்-பும் ஜி-யும்.

என், ஆர், யூ மூன்றும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். என் கீழே, ஆர் நடுவில், யூ மேலே. குழப்பம் வந்தால் இந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தேடுங்கள். சறுக்குகிற இடம் எச், ஐ, ஓ. இரண்டு கொடியும் உடம்பின் ஒரே பக்கம் நிற்க வேண்டிய எழுத்துகள் அவை. ஒரு கை உடம்பைக் குறுக்கே கடந்து போகும்போது முழங்கை மடங்கிவிடும், கோணம் கெட்டுவிடும். இடுப்பிலிருந்து உடம்பைச் சற்றுத் திருப்புங்கள், பாதம் அசைய வேண்டாம். கொடிக் கம்பின்மேல் ஆள்காட்டி விரலை நீட்டி வைத்தால் கையும் கம்பும் ஒரே கோடாக நிற்கும். தூரத்தில் இருப்பவனுக்கு உங்கள் முகம் தெரியாது, அந்தக் கோடு மட்டும்தான் தெரியும்.

அனுப்புவதைவிட வாசிப்பது கடினம். ஏனென்றால் எதிரில் நிற்பவரின் வலது உங்களுக்கு இடது. கண்ணாடி முன்னால் பழகுவதை நான் ஊக்குவிப்பதில்லை, அது இடம் வலத்தை இன்னும் குழப்பும். ஜோடியாகப் பழகுங்கள். ஐம்பது அடி தள்ளி நின்று ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள்: மதுரை, பாம்பன், தொண்டி, உவரி. ஒவ்வொரு சொல் முடிந்ததும் கொடி கீழே வந்து ஒரு கணம் நிற்க வேண்டும். வேகம் வேண்டாம். சுத்தமான கோணத்தோடு மெதுவாக அனுப்புகிறவருக்குத்தான் என் ஓட்டு.

படகு

எங்களிடம் இருந்த படகு வேலர் என்கிற வகை, 27 அடி. ஐந்து தண்டு, பின்னால் சுக்கான் பிடிக்கிற காக்ஸன். தண்டு வலிக்கிறவர்கள் பின்பக்கம் பார்த்து உட்காருவார்கள். போகிற திசை அவர்களுக்குத் தெரியாது, காக்ஸன் குரல்தான் கண். பின்கோடியில் உட்காருகிற ஸ்ட்ரோக் தண்டுக்காரர் வலிக்கிற தாளத்துக்கு மற்ற நால்வரும் வலிக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் கையால் வலிப்பார்கள். பத்து நிமிடத்தில் தோள் வீங்கிவிடும். வலிமை காலிலும் முதுகிலும் இருக்கிறது. பாதத்தை எதிர்க்கட்டையில் ஊன்றி, கையை நீட்டியபடியே உடம்பைப் பின்னால் சாய்த்து, கடைசியில்தான் முழங்கையை மடக்க வேண்டும். தண்டின் இலை தண்ணீருக்குள் மூழ்கினால் போதும், ஆழமாகக் குத்த வேண்டாம். ஆழமாகக் குத்தினால் ஓடுகிற படகின் வேகம் தண்டைத் தள்ளி, கைப்பிடி உங்கள் நெஞ்சிலேயே வந்து இடிக்கும். என் கண்முன்னால் ஒரு பையனுக்கு அப்படி உதடு கிழிந்தது.

கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் வரும். "கிவ் வே டுகெதர்" என்றால் சேர்ந்து வலிக்கத் தொடங்குவது. "ஓர்ஸ்" என்றால் நடக்கிற வலிப்பை முடித்துவிட்டு, இலையைத் தண்ணீர் மட்டத்துக்குப் படுக்கையாக வைத்து, படகுக்குச் செங்குத்தாகத் தண்டை நீட்டி நிறுத்துவது. "ஹோல்ட் வாட்டர்" என்றால் இலையைத் தண்ணீரில் செங்குத்தாக நிறுத்திப் படகைப் பிடிப்பது. "பேக் டுகெதர்" என்றால் பின்னோக்கித் தள்ளுவது. இந்த நான்கையும் கரையிலேயே, பெஞ்சில் உட்கார்ந்து மூங்கில் கம்போடு பழகலாம். நாங்கள் அப்படித்தான் பழகுகிறோம். எல்லா வாரமும் படகு கிடைக்காது.

தேர்வில் உங்களைக் காக்ஸனாக நிறுத்துவார்கள். அப்போது எல்லோரும் செய்கிற தவறு, கட்டளையைத் தாமதமாகச் சொல்வது. படகுக்கு பிரேக் கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, நீரோட்டம் எங்கே இழுக்கிறது என்று பார்த்து, கரையை நெருங்கும் முன்பே "ஓர்ஸ்" சொல்லிவிட வேண்டும். வாடைக் காற்றும் கச்சான் காற்றும் எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலோரம் இல்லாத ஊர்ப் பிள்ளைகள் கன்னத்தில் காற்றை வாங்கிப் பழகுங்கள். கண்ணை மூடி நின்று எந்தக் கன்னம் குளிர்கிறது என்று பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் கட்டாமல் படகில் கால் வைக்காதீர்கள். நீச்சல் தெரியும் என்பதும் கரை பக்கத்தில்தான் என்பதும் காரணம் ஆகாது. இதில் என்னிடம் யாருக்கும் சலுகை கிடையாது.

சுடுதல்

.22 ரைஃபிள், 25 கெஜம், படுத்த நிலை, 5 தோட்டா. நடுவில் படுவதைவிட ஐந்தும் ஒன்றையொன்று நெருங்கி விழுவதுதான் முக்கியம், குரூப்பிங் என்பது அதுதான். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, விசையை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெதுவாக அழுத்துங்கள். சுட்டபின் இலக்கைப் பார்க்கத் தலையைத் தூக்காதீர்கள். ஒரு தோட்டா ஓரமாகப் போனதாகத் தோன்றினாலும் குறியை மாற்றாதீர்கள். மாற்றினால் ஒரு குரூப் இரண்டாக உடையும். துப்பாக்கியின் பாகங்களைக் கழற்றி மாட்டும்போது பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

ட்ரில்

சாவ்தானில் (அட்டென்ஷன்) குதிகால்கள் ஒட்டியிருக்க வேண்டும், பாதங்களுக்கு இடையே 30 டிகிரி. விஷ்ராமில் (அட் ஈஸ்) 12 அங்குல இடைவெளி. உடல் வேலை எல்லோருக்கும் வரும். தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறுவது கட்டளை கொடுக்கும்போது. இந்தி தெரியாது என்ற கூச்சத்தில் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இந்தி தெரிய வேண்டியதில்லை. மொத்தம் முப்பது சொல்தான். பின்னால் திரும்பச் சொல்லும் "பீச்சே முட்" கட்டளையில் "பீச்சே" என்பதை இழுத்துச் சொல்லுங்கள், ஒரு கணம் நிறுத்துங்கள், "முட்" என்பதை வெட்டுங்கள். முதல் பகுதி எச்சரிக்கை, இரண்டாவது செயல். நடுவில் இடைவெளி இல்லாவிட்டால் எதிரில் நிற்கிறவர்கள் ஒருவர் முந்தி ஒருவர் பிந்தித் திரும்புவார்கள். தவறு அவர்களுடையதாகத் தெரியும், மதிப்பெண் உங்களுடையது போகும். என் பிள்ளைகளை அலை அடிக்கிற பக்கம் திரும்பி நின்று கத்தச் சொல்வேன். அலைச் சத்தத்தைத் தாண்டிக் குரல் கேட்டால் எந்த மைதானத்திலும் கேட்கும். தொண்டையிலிருந்து கத்தினால் மறுநாள் பேச முடியாது, அடிவயிற்றிலிருந்து எடுங்கள்.

எழுத்துத் தேர்வு

வரலாறும் பொது அறிவும் உங்கள் ஏ.என்.ஓ. கொடுக்கிற கையேட்டில் இருக்கிறது. என்.சி.சி. சட்டம் 1948, என்.சி.சி. கொடியின் மூன்று நிறங்கள் மூன்று படைகளுக்கு, டிசம்பர் 4 கடற்படை நாள். அது 1971-இல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய ஆபரேஷன் டிரைடென்ட்டின் நினைவாக. இவை நிச்சயம் வேண்டும். ஆனால் பாம்பனிலிருந்து வருகிற பிள்ளைக்கு உச்சிப்புளியில் இருப்பது ஐ.என்.எஸ். பருந்து என்கிற கடற்படை விமானத் தளம் என்று தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அங்கிருந்துதான் கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி போகிறது. சென்னையில் ஐ.என்.எஸ். அடையாறு. நம் வீட்டு வாசலில் இருக்கிற கடற்படையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மற்றது எளிதாக ஒட்டும்.

கடல் பாதை விதிகளில் விளக்குகளைப் படம் போட்டுப் படியுங்கள். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, இரண்டும் 112.5 டிகிரி வரை தெரியும். பின்விளக்கு 135 டிகிரி. மூன்றையும் கூட்டினால் 360 வரும், அதனால் மறக்காது. எஞ்சினில் ஓடும் இரண்டு கப்பல்களின் பாதை குறுக்கிடும்போது, உங்கள் வலப்பக்கத்தில் இன்னொரு கப்பலின் சிவப்பு தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். நேர் எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். இரண்டு தீப்பெட்டியை மேசையில் கப்பலாக நகர்த்திப் பார்த்தால் அரை மணியில் புரிந்துவிடும்.

முந்தின நாளும் தேர்வு நாளும்

வெள்ளைச் சீருடைக்கு நீலம் போடும்போது கவனம். தண்ணீரில் நன்றாகக் கரைக்காமல் துணியைப் போட்டால் திட்டுத் திட்டாக நீலம் பிடிக்கும், வெயிலில் நிற்கும்போது அது பளிச்சென்று தெரியும். கரைசலை வடிகட்டிவிட்டு முக்குங்கள். இரண்டு நாள் முன்பே துவைத்து இஸ்திரி போட்டு வையுங்கள். ஷூவுக்குப் பாலிஷைக் கொஞ்சமாக எடுத்து, துளித் தண்ணீர் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து ஏற்றுங்கள்.

காலையில் சாப்பிடாமல் போகாதீர்கள். முகாம்களில் மைதானத்தில் மயங்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். நிற்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டாலும் தலை சுற்றும். ஷூவுக்குள் கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள், வெளியே தெரியாது.

கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியவில்லை சார்" என்று நேராகச் சொல்லுங்கள். கப்பலில் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்கிறவனால் உயிர் போகும். கேட்கிறவர் பெரும்பாலும் கப்பலில் இருந்து வந்தவர், அவருக்கு அது தெரியும். முடிச்சு தவறிவிட்டால் அப்படியே நீட்டாதீர்கள். அவிழ்த்துவிட்டு "மறுபடி போடுகிறேன் சார்" என்று கேளுங்கள். உங்கள் முறை முடிந்தபின் வரிசையில் நிற்கும்போதும் ஒழுங்காக நில்லுங்கள். ஒருவரைச் சோதிக்கும் கண் ஓரத்தில் மற்றவர்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

முடிவு வந்து சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதற்குள் கல்லூரி முடிந்துவிடும், ஆள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போயிருப்பார். கிளம்புவதற்கு முன் ஏ.என்.ஓ.விடம் மாறாத ஒரு செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள், அம்மா எண்ணாக இருந்தாலும் சரி. சான்றிதழை வாங்கும்போது அந்த இடத்திலேயே நின்று பெயர், இனிஷியல், பிறந்த தேதி, கிரேடு நான்கையும் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.